நாற்பது பாடம் முடிக்கப் போனவளைத் தேடி ஜவ்வாது மலைக்கு

ஜவ்வாது மலைக்குப் போக வழி கேட்டு இந்த நெட் பக்கத்தில் நிறைய பேர் எழுதுகிறார்கள் என்று என் தங்கை மகள் சொன்னாள். அருவி பார்க்க, படகு விட, தேன் வாங்க என்று கேட்கிறார்களாம். நான் அதற்கெல்லாம் போனவள் இல்லை. ஒரே ஒரு தடவை போனேன். 1985-ஆம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. என் மகள் கலாவதி அதற்கு முந்தின கார்த்திகையில் இறந்துபோனாள். கடைசியாக அவள் பாடம் எடுத்த பள்ளிக்கூடம் அந்த மலையில்தான் இருந்தது. அதைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், அங்கே இருந்தவர்களோடு சண்டை போடப் போனேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன், தங்கை மகள் போனில் அடித்துப் போடுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்ட வேண்டாம்.

எங்கள் ஊர் கண்ணமங்கலம். அப்போது வட ஆற்காடு மாவட்டம். நானும் வீட்டுக்காரரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் வேலை செய்தவர்கள். கலா ஒரே பெண். பி.எஸ்சி. முடித்து வேலூரில் பி.எட். சேர்ந்தாள். அது டீச்சர் ஆவதற்கு ஒரு வருஷப் படிப்பு. அந்த வருஷத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், நிஜமான பிள்ளைகளுக்கு நாற்பது பாடம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் முதல் நாளே ரெக்கார்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இடது பக்கம் டீச்சர் கேட்கப்போகும் கேள்வி, வலது பக்கம் பிள்ளைகள் சொல்லப்போகும் பதில். அவர்கள் இன்னும் சொல்லாத பதிலை நீ எப்படியடி எழுதுவாய் என்று நான் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பாடம் முடிந்ததும் அந்தப் பள்ளி டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாற்பது கையெழுத்து சேர்ந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள்.

கூடப் படித்தவர்களுக்கு வேலூரிலும் ஆரணியிலும் பள்ளிக்கூடம் கிடைத்தது. மலைக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டதற்கு இவள்தான் கையைத் தூக்கினாளாம்.

போன மூன்றாவது வாரம் ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. குளிர் தாங்கவில்லை, பிள்ளைகள் பாதிப் பேர் வருவதில்லை, உடம்பும் ஒரு மாதிரி இருக்கிறது, ஒரு நடை வந்துவிட்டுப் போகட்டுமா என்று எழுதியிருந்தாள். நான் ஒரு தபால் கார்டு வாங்கி, என் கையாலேயே எழுதிப் போட்டேன். 'நாற்பதும் முடித்துவிட்டு வா. பாதியில் வந்தால் ஊர் சிரிக்கும்.' இவ்வளவுதான் எழுதினேன். வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. கார்டு போட்டதை அவரிடம் சொல்லவில்லை.

அவள் மலையிலிருந்து வந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்று நாள் கை வைத்தியம் பார்த்தோம். பிறகு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். மூன்று நாள் என்றேன். "இல்லம்மா, பத்து நாளாவது இருக்கும். அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?" என்றார். டைபாய்டு என்று சொன்னார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள்.

பத்தில் மூன்று போனால் ஏழு. அந்த ஏழு நாள் என் பெண் யார் கண் முன்னால் காய்ச்சலில் கிடந்தாள்? "மலை மேல இருக்கறவங்கதான் என் பொண்ண சாவடிச்சாங்க" என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். என் கார்டு அவள் கைக்குப் போயிருக்காது, மலைக்கு எங்கே தபால் ஒழுங்காகப் போகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அதற்கு மேல் முடியவில்லை. போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

கண்ணமங்கலத்தில் காலை 5.10-க்கு வேலூரிலிருந்து வரும் பஸ். போளூருக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் இரண்டேகால் ரூபாய். 6.20-க்குப் போளூரில் இறக்கிவிட்டார்கள். மலை பஸ் 7.30-க்குத்தான். நடுவில் ஒரு டீ குடித்தேன், அதோடு சரி. மலை ஏறுகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் என் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு இட்லியோடு பட்ட பாட்டைப் பார்த்தேன்.

மலை பஸ்ஸில் டிக்கெட் மூன்றே முக்கால் ரூபாய், ஜமுனாமரத்தூர் வரைக்கும். நாற்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. கண்டக்டர் வாயாடி.

"எங்கம்மா, புளிக்கா?" என்றார். மாசியில் மலையில் புளி உலுக்குவார்கள். கீழே இருந்து வாங்கப் போகிற கூட்டம்தான் பஸ்ஸில் பாதி.

"இல்லப்பா. பள்ளிக்கூடத்துக்கு. எம் பொண்ணு அங்க டீச்சர் வேலை பழகுனா."

"டீச்சரா? யோவ் டிரைவரே, கேட்டியா, டீச்சர் அம்மா!" என்று முன்னால் பார்த்துக் கத்தினார். "மேல வர்ற டீச்சருங்க எல்லாருக்கும் நாந்தாம்மா ரிட்டன் டிக்கெட் கிழிக்கறது. திங்கக்கெழம ஏறுவாங்க, வெள்ளிக்கெழம மூட்டையோட எறங்குவாங்க. உங்க பொண்ணு எத்தினி நாளு தாங்குச்சி?"

"நாப்பது பாடமும் முடிச்சா."

"அட! கெட்டிக்காரிதான் போ. இப்ப எந்த ஊர்ல வேலை?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. "இன்னும் போடல" என்றேன். அவர் நல்ல மனுஷன். போடுவாங்க, போடுவாங்க, கவலப்படாதீங்க என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக் கையில் வைத்தார்.

மலையைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு அதிகம் தெரியாது. ஒன்பது மணிக்கும் பனி இறங்கவில்லை. வளைவில் பஸ் திரும்பும்போது கீழே இருந்த ஊர் தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. பல இடத்தில் காய்ந்த புல்லைக் கொளுத்தியிருந்தார்கள். சரிவு முழுக்கக் கறுப்பு. பாதி வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது இறங்கி நின்றேன். புளியம்பழம் விழும் சத்தம் எங்கிருந்தோ வந்தது. ஆள் தெரியவில்லை. சால்வை எடுத்துக்கொண்டு போங்கள். நான் வெறும் புடவையோடு போய் நடுங்கினேன். அப்போதுதான் கலாவுக்குக் கொடுத்துவிட்டது ஒரே ஒரு பருத்திப் போர்வை என்று ஞாபகம் வந்தது.

ஜமுனாமரத்தூரில் 10.40-க்கு இறங்கினேன். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஐந்து கிலோமீட்டர், நடைதான். பள்ளியின் பேரையும் அந்த ஊர்ப் பேரையும் எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். ஒரு ஓடையைத் தாண்டி, சாமை அறுத்த வெற்று நிலம் வழியாகப் போகும் பாதை. 12.05-க்குப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டுக் கட்டடம் இரண்டு, பிள்ளைகள் தங்குகிற விடுதி ஒன்று, பின்னால் புகை வருகிற சமையல் கொட்டகை. மலைப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் அது.

தலைமை ஆசிரியர் ஏதோ ஆபீஸ் வேலையாகப் போளூருக்கு இறங்கியிருந்தார். மரகதம் டீச்சர் இருந்தார். கலாவின் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். செங்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். என் மூக்கு அப்படியே கலாவுக்கு வந்திருக்கிறது என்பார்கள். நான் சொல்லாமலே தெரிந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல. ஏழு நாளு எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்துக்கறா. நீங்கள்லாம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு, "இங்க காய்ச்சலே இல்லீங்கம்மா. நல்லாத்தான் இருந்தா. போற அன்னிக்குக்கூட சிரிச்சிகினேதான் போனா" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "அப்ப டாக்டர் பொய் சொல்றாரா? நான் பொய் சொல்றேனா? உன் வவுத்துல பொறந்திருந்தா இப்டி உட்டிருப்பியா?" என்று நீ, வா, போ என்றெல்லாம் பேசிவிட்டேன். ஜன்னலில் பிள்ளைகள் தலை தெரிந்தது. டீச்சர் குனிந்த தலை நிமிரவில்லை. "எங்க தப்புன்னே வெச்சிக்குங்கம்மா. மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணும்னாலும் குடுங்க. நான் எதுத்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல்லை எடுத்து வேறு ஒருத்தி தலையில் வைத்த மாதிரி இருந்தது.

மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்தது. சாப்பிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். தொண்டை வறண்டிருந்ததால் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று பின்னால் சமையல் கொட்டகைக்குப் போனேன். சமைக்கிற அம்மா பேர் சின்னபாப்பா. அந்த ஊர்க்காரர். பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துவிட்டு அடுப்பண்டை உட்கார்ந்திருந்தார். சொம்பைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நீ கலா டீச்சரு அம்மாவா?"

"ஆமா."

"அய்யோ" என்று எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்ல பொண்ணும்மா. மொளகு தட்டிப் போட்டுக் கஞ்சி வெச்சிக் குடுத்தேன், ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. மரகதம் டீச்சரு தன் கம்பளியப் போத்தி உட்டுட்டு, அது குளுர்ல ஒடுங்கிகினு பக்கத்துலயே படுத்துது. நாலு ராத்திரி. பாரஸ்ட் ஜீப்பு ஒண்ண சொல்லி வர வெச்சிது. சனிக்கெழம ஜீப்பு வந்து இதோ இங்கதான் நின்னுது. உம் பொண்ணு ஏறமாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"நாலு பாடம் பாக்கியாம். பசங்க கெடையாது. சாமை அறுப்பும்மா. அறுப்புன்னா எங்க புள்ளைங்க வூட்டுக்குப் போய்டும். கட்டு தூக்க, குருவி வெரட்ட ஆளு வேணுமில்ல? கலெக்டரே வந்து கூப்ட்டாலும் அறுத்து முடிக்காம வராது. வருசா வருசம் அப்டித்தான். மரகதம் டீச்சரு தலயால தண்ணி குடிச்சிப் பாத்துது. 'நாலுக்கும் நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேண்டி, அறுப்பு மாசத்துல எல்லாரும் இப்டித்தான் வாங்கிகினு போறாங்க, நீ எறங்கு'ன்னுது. இவ கேக்கல. எடுக்காத பாடத்துக்குக் கையெழுத்து வாணாம்னா. அம்மா கார்டு போட்டுக்கறாங்க, நாப்பதும் முடிச்சிட்டுதான் வரச் சொல்லிக்கறாங்கன்னா. அந்தக் கார்டத் தலமாட்டுலயே வெச்சிருந்தா."

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"புதங்கெழம பசங்க வந்துச்சி. ரெண்டு நாள்ல நாலு பாடத்தையும் எடுத்தா. கடசிப் பாடத்துக்குச் செவுத்தப் புடிச்சிகினு நின்னா. வெள்ளிக்கெழம மரகதம் டீச்சரே கூடப் போய் பஸ் ஏத்தி உட்டுட்டு வந்துது." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அய்ய, உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்துதே! அவங்கம்மா வந்தா காய்ச்சலப் பத்தியும் கார்டப் பத்தியும் மூச்சு உடக்கூடாதுன்னு எங்க எல்லார் கிட்டயும் சொல்லிச்சி. மறந்தே பூட்டேன். நீ மனசுல வெச்சிக்காத. ஒடம்பு முடியலன்னு உனக்குத் தெரியாதில்ல? தெரிஞ்சா எழுதியிருப்பியா?"

"தெரியும். ஒடம்பு ஒரு மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தா" என்றேன்.

சின்னபாப்பா மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரகதம் டீச்சர் வகுப்புக்குப் போயிருந்தார். வெளியே சுவரோரம் நின்றேன். எட்டாம் வகுப்பு. ஏதோ கேள்வி கேட்டார். ஒரு பிள்ளை தப்பாகச் சொல்ல மற்றவை சிரித்தன. அவர் சிரிக்கவில்லை, திரும்பவும் கேட்டார். இதையெல்லாம் என் பெண் இங்கே நின்று செய்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் பதிலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். வராத பிள்ளையின் பதிலை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அதைச் செய்ய அவளுக்கு வரவில்லை.

மணி அடித்ததும் டீச்சர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கார்டு எங்க டீச்சர்?"

"கொளுத்திட்டேங்க. அவ எறங்கற அன்னிக்குப் பெட்டியில வெக்கப் போனா. நான் கேட்டு வாங்கிகினேன். அவ போய்ட்டான்னு சேதி வந்த அன்னிக்குக் கொளுத்திட்டேன்."

"அது இங்க என்னிக்கு வந்துது?"

"வெள்ளிக்கெழம. நீங்க திங்கக்கெழம தேதி போட்டிருந்தீங்க. மலைக்குத் தபால் அப்டித்தான். வாரத்துல ரெண்டு தடவதான் வரும்."

"உங்கள நான் ரொம்பப் பேசிட்டேன்."

"பேசட்டும்னுதாம்மா நின்னேன்" என்றார். "எந்த அம்மாவா இருந்தாலும் முடிச்சிட்டு வான்னுதான் எழுதுவாங்க."

"நீங்க எழுதலியே. ஜீப்பு வர வெச்சீங்க."

பிறகு என் கூட ஓடை வரைக்கும் நடந்து வந்தார். அங்கே நின்று, "வூட்ல கேட்டா எங்க மேலயே போடுங்கம்மா. நாங்க இங்க தூரத்துல கீறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல. நீங்க அவரோட ஒரே வூட்ல இருக்கணும்" என்றார். அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

கடைசி பஸ் ஜமுனாமரத்தூரில் மாலை 4.00. அதை விட்டால் அங்கே பெண்கள் தங்க அப்போது இடம் கிடையாது. 6.45-க்குப் போளூர், 8 மணி சுமாருக்குக் கண்ணமங்கலம். காலையில் வந்த அதே கண்டக்டர்தான். "இன்னாம்மா, டீச்சருங்களப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர், "யாராம்? பேரச் சொல்லு, நான் போயி ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்" என்றார். மரகதம் டீச்சர் பேர் நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இன்லண்ட் கடிதத்தில் இருந்ததை, நான் கார்டு போட்டதை, ஜீப் வந்து நின்றதை. "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் எழுதினேன்" என்றேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள், சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கார்டு போய்ச் சேர எத்தினி நாளு ஆச்சி?"

"நாலு நாளு."

"நீ போய்ச் சேர?"

"ஏழு மணி நேரம்."

கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இருந்த பத்தொன்பது வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: போளூரிலிருந்து இப்போது நிறைய பஸ் ஓடுகிறது, ரோடும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் எழுதியிருக்கிற நேரமும் டிக்கெட்டும் நாற்பது வருஷத்துக்கு முந்தியவை, போளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் போனால் கனமான கம்பளி வேண்டும். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பி.எட். படிக்கிற பிள்ளையைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இப்போது போன் இருக்கிறது, அந்தக் காலம் மாதிரி இல்லை என்பீர்கள். 'முடித்துவிட்டு வா' என்று சொல்ல எனக்கு ஒரு கார்டு வேண்டியிருந்தது. உங்களுக்கு அதுகூட வேண்டாம். பிள்ளை உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் பதில் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். இந்த மலைக்கே கூட, விடியற்காலை ஏறினால் மத்தியானச் சோற்று மணிக்கு முன்னால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடலாம்.